பாட்டு நம்ம கையில், வெளியீடு யார் கையில்? – திரைவாசிப்பானோடு ஒலிப்பதிவும் விநியோகமும்

#1 ராகமாலிகை77

வணக்கம். மைக் எது வாங்கலாம், மைக்கைக் கணினியோடு இணைக்க எந்த இண்டர்ஃபேஸ் மலிவு என்று கேட்கும் இழைகள் இங்கே ஏற்கெனவே நிறைய. இது வேறு சங்கதி.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திருச்சியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சமீபத்தில் ஆறு உருப்படி வீட்டிலேயே பாடிப் பதிவு செய்தேன். தம்புராவுக்கு மொபைல் செயலி. மிருதங்கம் என் மாணவி ஒருத்தியின் அண்ணன். துணி பீரோவை விரியத் திறந்து வைத்து அதன் முன்னால் மைக். பழைய லேப்டாப், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, ஒலிப்பதிவுக்கு ரீப்பர், ரீப்பரில் நடப்பதை என்விடிஏ வழியாகச் சொல்ல வைக்கும் ஒசாரா. மிக்ஸிங் உட்பட ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் ஒருத்தரையும் "கொஞ்சம் இதைப் பார்த்துச் சொல்லேன்" என்று நான் கூப்பிடவில்லை.

அதே ஆறு உருப்படியை ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக் என்று அனுப்பி வைக்க ஐந்து வாரம் ஆனது.

பாட்டை இந்த இடங்களுக்கெல்லாம் அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் (பெயர் வேண்டாம்) வெளியீட்டுத் தேதி போட ஒரு நாள்காட்டி திறக்கும். என்விடிஏ அதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். எந்த பட்டன் எந்தத் தேதி என்று சொல்லாது, ஏனென்றால் எழுதியவர்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. சரி என்று நானே எண்ணிக்கொண்டு போய் 14-வது பட்டனை அழுத்தினேன். பதிவானது 11-ம் தேதி. முந்தின மாசத்தின் கடைசி மூன்று நாளும் அந்தக் கட்டங்களில் உட்கார்ந்திருந்திருக்கின்றன. அதைத் திருத்த மின்னஞ்சல் போட்டு, பதில் வந்து, மறுபடி போட்டு, பத்து நாள்.

அடுத்தது 3000க்கு 3000 பிக்சலில் அட்டைப்படம். அந்தக் கூத்தைத் தனியாகச் சொல்கிறேன். எல்லாம் முடிந்து கடைசி பட்டனை அழுத்தினால், "போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்". காதால் கேட்டு விடை சொல்லும் வழி அந்தப் பக்கத்தில் இல்லை. பெங்களூரிலிருந்து அக்கா பையன் சனிக்கிழமை வந்து அழுத்தினான். அழுத்த ஆனது பத்து விநாடி. அவன் வரக் காத்திருந்தது ஆறு நாள்.

நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பார்வை உள்ளவர்களும் எழுதலாம், ஆனால் "பாவம்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

#2 கீபோர்டுகாரன்

அக்கா, என் கதையக் கேட்டா உங்க அஞ்சு வாரம் எவ்வளவோ மேல்னு தோணும்.

மதுரைப் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு. எனக்கும் பார்வை இல்ல. 2019ல சொந்தமா அஞ்சு பக்திப் பாட்டு போட்டேன். கூட வாசிச்ச ஒருத்தர் "நீ ஏன்டா கஷ்டப்படுற, நான் ஏத்திர்றேன்"னார். ஏத்துனார். அவர் ஈமெயில், அவர் போன் நம்பர், அவர் பேங்க் கணக்கு. எனக்கு அப்ப அது தப்பாவே படல. ஃபார்ம் நிரப்புற தொல்லை விட்டுச்சேன்னு நிம்மதிதான்.

ரெண்டு வருசத்துல சித்திரைத் திருவிழா சமயம் ஒரு பாட்டு நல்லாப் போச்சு. ரீல்ஸ்ல எல்லாம் வந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கும் அவருக்கும் பேச்சு நின்னுபோச்சு, காரணம் இங்க வேணாம். இப்ப என் பாட்டு என் பேர்ல எல்லாத் தளத்துலயும் இருக்கு, ஆனா லாகின் என்கிட்ட இல்ல. எவ்வளவு வருதுன்னு தெரியாது. எடுக்கவும் முடியாது. வேற கம்பெனிக்கு மாத்தலாம்னா ஐஎஸ்ஆர்சி நம்பர், அதான் ஒவ்வொரு பதிவுக்கும் இருக்குற அடையாள நம்பர், கேக்குறாங்க, அதே நம்பரோட ஏத்துனாத்தான் பழைய ப்ளே கணக்கு நம்ம பாட்டோட சேருமாம். அந்த 12 எழுத்து நம்பரும் அவர் லாகினுக்குள்ளதான் இருக்கு.

யாருக்காச்சும் வழி தெரிஞ்சா சொல்லுங்க.

#3 ஸ்டுடியோசுவர்

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன், இருபது வருஷ அனுபவம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சிரமம் எதற்கு? பாடுவது உங்கள் வேலை, பதிவு எங்கள் வேலை. பார்வை உள்ள பாடகர்களே எடிட்டிங்கைத் தொடுவதில்லை. அலைவடிவத்தைப் பார்க்காமல் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது? ஒரு மூச்சுச் சத்தத்தை எடுக்கவே நாங்கள் திரையைப் பெரிதாக்கித் தேடுகிறோம்.

#4 ராகமாலிகை77

சுவர் சார், தப்பாகவெல்லாம் எடுக்கவில்லை. ஆனால் உங்கள் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு விருத்தத்தைப் பதினேழு தடவை பாடிப் பார்க்கும் சுதந்திரம் எனக்கு என் வீட்டில்தான் உண்டு.

எப்படி வெட்டுகிறேன் என்று கேட்டீர்கள். நேற்று செய்ததையே சொல்கிறேன்.

மேல் அம்பு, கீழ் அம்பு அழுத்தினால் டிராக் மாறும். மாறும்போதே ஒசாரா அதன் எண், பெயர், மியூட்டில் இருக்கிறதா, பதிவுக்குத் தயாரா என்று சொல்லிவிடும். எஃப்7 பதிவுக்குத் தயாராக்கும், ஆர் அழுத்தினால் பதிவு ஓடும். ஆல்ட் டபிள்யூ அழுத்தினால் சத்த அளவைக் கவனிக்கும் பீக் வாட்சர். இண்டர்ஃபேஸில் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியுமாமே, அது எனக்கு எதற்கு ஆகும்? பீக் வாட்சரில் மைனஸ் 6 டெசிபல் தாண்டினால் சொல் என்று வைத்துவிட்டால் தாண்டும்போது சொல்லும். தாரஸ்தாயி பஞ்சமத்தைப் பாடிக்கொண்டே குமிழைக் குறைக்கிறேன்.

இனி அந்த மூச்சு. சரணத்தில் இரண்டாவது வரிக்கு முன்னால் ஒரு இழுப்பு, ஆஸ்துமாக்காரி மாதிரி. வலது அம்பால் நகர்ந்துகொண்டே கேட்கிறேன். மூச்சு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எஸ், அதுதான் வெட்டும் விசை. முடியும் இடத்தில் இன்னொரு எஸ். நடுத்துண்டை அழிக்கவில்லை, பன்னிரண்டு டெசிபல் இறக்கினேன். மூச்சே இல்லாமல் பாடினால் பேய் பாடுகிற மாதிரி இருக்கும். ஒட்டிய இரண்டு முனையிலும் சத்தம் மெல்ல ஏறி இறங்கச் சின்ன ஃபேட். நாலு நிமிஷ வேலை.

உங்கள் அலைவடிவத்தில் சத்தம் எங்கே பெரிது, எங்கே சிறிது என்று தெரியும். ஒரு கமகம் எங்கே அடங்குகிறது என்று தெரியுமா? பைரவி நிஷாதத்தின் அசைவு முடியும் முன்னால் வெட்டினால் திரையில் அழகாகத்தான் இருக்கும், காதில் உதைக்கும்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆல்பத்தில் ஒரு ஆலாபனையின் கடைசியில், நான் மூச்சு விட்ட இடைவெளியில், என்விடிஏ பேசும் ஈஸ்பீக்கின் தகரக் குரல் ஏதோ முணுமுணுக்கும். என் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிவிட்டது. வெளியாகி இரண்டு மாதம் கழித்து ஒரு மாமி போன் பண்ணி, "பின்னாடி யாரோ பேசறாளே, ஆத்துக்காரரா?" என்றார். அன்றிலிருந்து என்விடிஏ லேப்டாப்பின் சொந்த ஒலி அட்டையில், ஒரு காதில் மட்டும் சின்ன இயர்போன் வழியாக. ரீப்பர் தனியாக ஏஎஸ்ஐஓ என்ற ஒலி இயக்கி வழி இண்டர்ஃபேஸில். இரண்டையும் கலக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

#5 பிரெய்ல்பித்தன்

பிள்ளைகளா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். எழுபது தாண்டிவிட்டது. என் காலத்து ஒலிப்பதிவைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கிறதா? முன்னால் பியானோ கட்டை மாதிரி ஆறு பொத்தான். ரெக்கார்டையும் ப்ளேயையும் சேர்த்து அழுத்தினால் பதிவு. எது எந்தப் பொத்தான் என்று விரலுக்குத் தெரியும், அழுத்தியது உள்ளே போயிற்றா என்பதும் விரலுக்குத் தெரியும். கேசட்டின் தலையில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. வேண்டுமென்றால் செலோடேப் ஒட்டிக்கொள்ளலாம். நான் ஓரத்தில் கத்தியால் கீறல் போட்டு வைப்பேன். ஒரு கீறல் தோடி, இரண்டு கீறல் காம்போதி. எனக்காக யாரும் எதையும் தனியாகச் செய்து தரவில்லை, பொருளே அப்படி இருந்தது. பிறகு சி.டி. வந்தது, தொடுதிரை வந்தது. கண்ணுள்ளவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு படி ஏற்றம், எனக்கு ஒரு படி இறக்கம்.

சுவர் தம்பி, "பாடுவது உங்கள் வேலை" என்கிறீர்கள். லூயி பிரெய்ல் 1829-ல் தன் புள்ளி முறையை அச்சிட்டபோதே எழுத்தோடு இசைக்கும் சேர்த்துத்தான் வகுத்தார். அவரே பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். நம் பக்கம் வந்தால், கர்னாடக சங்கீதத்தில் புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் வாங்கிக்கொடுத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள். பார்வை இல்லாதவர். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சீடர். வயலின் எம். சந்திரசேகரன், அவரும் பார்வை இல்லாதவர், அவருக்கு 2005-ல் சங்கீத கலாநிதி. வாசிப்பைப் பற்றி யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதைப் பதிந்து விற்கும் யந்திரம் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

அந்த யந்திரமும் நம்மவர்கள் கைக்கே வந்த கதையைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு சிறுவர்கள், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே. சந்தித்துக்கொண்டது எங்கே? பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில். பெரியவனான பின் 2006-ல் கரன் ஒரு இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்க, டே வந்து சேர்ந்துகொண்டார். அதுதான் என்விடிஏ. ராகமாலிகை சொல்கிற ஒசாராவையும் பின்னாளில் உருவாக்கியவர் அதே ஜேம்ஸ் டே. தான் பதிவு செய்ய வேண்டியவன் எழுதிய மென்பொருள் அது. அதனால்தான் டிராக்கைத் தொட்டவுடன் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

#6 வடமராட்சிவயலின்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். என்னட்டை லேப்டொப் இல்லை. எல்லாம் ஐபோனிலைதான். திரையை வாசிக்கிற வொய்ஸ்ஓவர் போட்டுக்கொண்டு கராஜ்பாண்ட் எண்ட பதிவுச் செயலியிலை வயலின் பதியிறன். ஒரு டிராக், இரண்டு டிராக் எண்டால் காணும். மல்லாரி மாதிரி அடுக்கி அடுக்கிச் செய்யேக்க விரல் நோகும்.

போன வருசம் வெளிநாட்டிலை இருக்கிற மச்சான் ஒரு சின்ன ரெக்கோடர் அனுப்பினவர், ஸூம் எச்1 எசென்ஷியல். மெனுவை வாயாலை வாசிக்குது, தமிழிலை இல்லைத்தான். 32 பிட் ஃப்ளோட் எண்டபடியால் கெய்ன் சரிபார்க்கிற கரைச்சல் இல்லை. வேகமாய் வில் போட்டாலும் உடையாது, பிறகு குறைக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விடுதலை. முந்தி ஒவ்வொருக்காவும் தங்கச்சியைக் கூப்பிட்டு "சிவப்பு எரியுதோ பார்" எண்டு கேக்கோணும்.

என்ரை பிரச்சினை காசு. நான் தொடங்கேக்க பேபாலாலை இலங்கைக்குக் காசு எடுக்க வழியில்லை. ஆகையாலை கனடாவிலை உள்ள ஒராளின்ரை கணக்குக்குப் போகுது. அவர் நல்ல மனுசன், சதம் பிசகாமல் தாறார். ஆனால் கீபோர்டுகாரன் தம்பி எழுதினதை வாசிச்ச பிறகு இரவு நித்திரை வரேல்லை.

#7 கோவைபேட்ச்

நான் மென்பொருள் ஆள், பார்வை உண்டு. ஓரமாக இருந்து படித்துக்கொண்டிருந்தேன், அந்த நாள்காட்டி விஷயம் எரிச்சலைக் கிளப்பிவிட்டது.

அதைச் சரி செய்வது பெரிய வித்தை இல்லை. உலாவியிலேயே தேதிக்கென்று ஒரு சாதாரணப் பெட்டி இருக்கிறது. நாள், மாதம், வருஷம் என்று தட்டச்சு செய்யலாம், திரைவாசிப்பான் ஒழுங்காக வாசிக்கும். அதை விட்டுவிட்டு, அழகுக்காக நாற்பத்திரண்டு வெற்றுக் கட்டம் வரைந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்ணைப் படமாகப் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு எழுதியிருந்தால் போதும். எங்கள் அலுவலகத்திலும் நான் இதே பாவத்தைச் செய்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன ஒலிக்கருவிகளான ப்ளக்இன் உலகத்தில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. நிறைய ப்ளக்இன்கள் ஜூஸ் என்ற சட்டகத்தில் எழுதப்படுகின்றன. 2021-ல் அதன் 6.1 பதிப்பில் திரைவாசிப்பான் ஆதரவை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்த் (மின்னணு வாத்திய ஒலி உருவாக்கும் ப்ளக்இன்) அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது, முழுக்க விசைப்பலகையாலேயே இயக்கலாம். மற்றதில் பலவும் இன்னும் வெறும் படம்தான். குமிழ் மாதிரி வரைந்திருப்பார்கள், திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது.

#8 ராகமாலிகை77

அதற்கும் ரீப்பரில் பின்வாசல் உண்டு பேட்ச் தம்பி. டிராக்கில் நின்று பி அழுத்தினால் ப்ளக்இன்னின் அளவுருக்கள் எல்லாம் வெறும் பட்டியலாக வரும். படத்தைத் தொடவே வேண்டாம். ரீப்பரோடு வரும் ரீஈக்யூ (தொனியைத் திருத்த), ரீகாம்ப் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சீராக்க) இரண்டையும் வைத்தே என் ஆறு உருப்படியும் முடிந்தன. ரீப்பர் 60 நாள் முழுதாக இலவசம், பிறகு தனியாருக்கான உரிமம் 60 டாலர். என்விடிஏ, ஒசாரா இரண்டுக்கும் காசே இல்லை.

#9 சும்மாவாசகி

மன்னிக்கணும், நான் பாடகி இல்லை. என் பையனுக்குப் பதினொரு வயசு, பார்வை கிடையாது, மிருதங்கம் கத்துக்கிறான். வாசிக்கிறதை எல்லாம் என் போன்லதான் பதிவு பண்றேன். இந்த இழையை அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். "எனக்கும் அந்த எஸ் வேணும்"கிறான். எதுல ஆரம்பிக்கறது?

#10 பிரெய்ல்பித்தன்

அம்மா, முதலில் விசைப்பலகையில் தட்டச்சு. திரையைத் தொட்டுப் பழகினால் போதும் என்று பள்ளியில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, பிரெய்ல். காதால் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டுவது தகராறு. நம் ஸ்வரக் குறிப்பு எழுத்திலேயே இருப்பதால் நம் மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ச ரி க ம, தா தி தொம் நம் எல்லாவற்றையும் சாதாரணமாகவே எழுதிவிடலாம். மேற்கத்திய இசைக்குத்தான் தனிக் குறியீடு வேண்டும்.

#11 ராகமாலிகை77

ஐயா சொன்னதோடு, மென்பொருளுக்கு முதலில் ஆடாசிட்டி போதும். இலவசம், என்விடிஏவோடு ஒத்துப்போகும். ஒரு கோர்வையைப் பதிந்து, வெட்டி, திரும்ப ஒட்டி, காலப்பிரமாணம் தடுமாறுகிறதா என்று அவனே கேட்டுப் பார்க்கட்டும். ரீப்பரை அவனே ஒரு நாள் கேட்பான். அன்றைக்கு எஃப்12 சொல்லிக்கொடுங்கள். அதை அழுத்திவிட்டு எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், செய்யாது. குழந்தைக்கு அரை நாள் விளையாட்டு.

#12 ஸ்டுடியோசுவர்

நேற்றிரவு எல்லோரும் போன பிறகு மானிட்டரை அணைத்துவிட்டு, ஒசாரா போட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். ஒரு பல்லவியை இரண்டாக வெட்டி ஒட்ட முடிந்தது, அவ்வளவுதான். அந்தக் குரலின் வேகம் தலையைச் சுற்றுகிறது, நீங்கள் அதை இன்னும் வேகமாக வைப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஒட்டிய இடம் நான் வழக்கமாக ஒட்டுவதைவிடச் சுத்தமாக இருந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் வேறு வழியில்லாமல் கேட்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. பல வருஷம் முன்னால் பார்வையற்ற ஒருவர் பாட வந்திருந்தார். பதிவு ஓடும்போது எங்கள் கூடத்தில் சிவப்பு விளக்கு எரியும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையால் "ம், பாடுங்க" என்று காட்டுவேன். மூன்று தடவை காட்டினேன், அவர் பேசாமல் நின்றார். எனக்குக் கோபம் வேறு வந்தது. நான் காட்டியது யாருக்கு என்று நாலாவது தடவைதான் உறைத்தது. அவரோ "நீங்க எப்ப சொல்வீங்கன்னு காத்துட்டிருக்கேன் சார்" என்றார். உள்ளே இருப்பவரோடு பேசும் டாக்பேக் பொத்தான் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஆனாலும் ஒன்றில் மாற மாட்டேன். துணி பீரோ அறை ஆகாது. கீழ்ஸ்தாயியில் உங்கள் பதிவு கும்மென்று இருக்கிறது, ராகமாலிகை. கேட்டேன்.

#13 ராகமாலிகை77

இருக்கிறது சார், எனக்கும் தெரியும். 200 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் இறக்கிப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு உங்கள் அறையை வாடகைக்குக் கேட்பேன், லேப்டாப் என்னுடையதுதான்.

அட்டைப்படக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. படம் வரையும் ஏஐ ஒன்றிடம் "பாட்டுப் பாடும் பெண், நீலப் பின்னணி, மேலே தமிழில் தலைப்பு" என்று கேட்டேன். வந்ததை பீ மை ஐஸ் செயலியில் கொடுத்தேன். 2015-லிருந்து தன்னார்வலர்கள் வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்லும் செயலி அது, 2023-லிருந்து ஏஐயும் படத்தை விவரிக்கிறது. அது சொன்னது: கண்ணை மூடிய பெண், கருப்புக் கண்ணாடி, மடியில் வீணை. கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மேல் கருப்புக் கண்ணாடியாம். நான் வீணையைத் தொட்டதே இல்லை, பார்வை இல்லை என்றும் படம் வரைந்த ஏஐயிடம் சொல்லவில்லை. முன்பு எப்போதோ கேட்டதை வைத்து அதுவாகவே முடிவு கட்டியிருக்கிறது.

மறுபடி கேட்டேன். வீணை போயிற்று. "தலைப்பு தமிழில் உள்ளது" என்றும் விவரணை வந்தது. நம்பி ஏற்றப் போனேன், ஏதோ உறுத்தி ஒரு தன்னார்வலரை அழைத்தேன். தமிழ் பேசும் பெண் எடுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, இது தமிழ் மாதிரி இருக்கு, ஆனா தமிழ் இல்ல. கொம்பு இருக்கு, கால் இருக்கு, எழுத்து இல்ல" என்றார். இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம்.

கடைசியில் வெறும் அடர் பச்சைச் சதுரம், நடுவில் வெள்ளையில் தலைப்பு. எழுத்துருவின் அளவையும் நிறத்தின் எண்ணையும் தட்டச்சு செய்து நானே பண்ணியது. அழகாக இருக்கிறதா என்று யாரும் சொல்ல வேண்டாம்.

#14 கீபோர்டுகாரன்

அக்கா, கருப்புக் கண்ணாடி வச்சிருந்தா ஷேர் நாலு மடங்கு போயிருக்கும். வெளையாட்டுக்குச் சொல்லல. எங்க ட்ரூப்ல "பார்வையற்ற கலைஞர்கள்"னு பேனர்ல போட்டாத்தான் புக்கிங். பார்வை இல்லாத பாடகர் கோமகன் அண்ணனோட ராகப்ரியா குழு மேடையேறுனப்பவும் சனம் அத பாத்துத்தான் கூடுச்சு, அப்புறம் பாட்டக் கேட்டு உக்காந்துச்சு. 2021ல கொரோனால அவர் போனப்ப எங்களுக்கெல்லாம் வீட்டு ஆளு போன மாதிரி. கூட்டம் எதுக்கு வந்தா என்ன, வந்தா சரின்னு நான் நெனைக்கிறேன்.

#15 பிரெய்ல்பித்தன்

மேடையில் சரி தம்பி. விநியோகத் தளத்தில் கலைஞர் குறிப்பில் அதை முதல் வரியாக எழுதினால், கேட்பவன் சுருதி பிசகைக்கூட மன்னித்துவிடுவான். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம்.

#16 கீபோர்டுகாரன்

ஐயா, உங்களுக்கு பென்ஷன் வருது.

#17 நெறியாளர்

சூடு போதும். இரண்டு பேரும் நண்பர்கள் என்று தெரியும், புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரியாது. விநியோகத்துக்கு வருவோம்.

#18 வடமராட்சிவயலின்

எனக்கு உவை இரண்டு பேரும் சொல்லுறதும் சரிபோலை கிடக்கு. என்ரை குறிப்பிலை கடைசி வரியிலை எழுதியிருக்கிறன்.

#19 கோவைபேட்ச்

கீபோர்டுகாரன் அண்ணா, உங்கள் ஐஎஸ்ஆர்சி விஷயம். அந்த எண் ரகசியம் இல்லை. பாட்டின் பெயர், கலைஞர் பெயர் கொடுத்துத் தேட இசைப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ நடத்தும் பொதுத் தேடல் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்துவிட்டால் எண்ணுக்காக யார் லாகினும் தேவையில்லை.

அடுத்து, பழைய விநியோகஸ்தருக்கு உரிமைக் கோரிக்கை எழுதுங்கள். அசல் ப்ராஜெக்ட் ஃபைல்கள் இருக்கிறதா? ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தாலே எந்த டிராக்கில் எந்த ஒலிக்கோப்பு என்று வாசிக்கும். அதையும், தனித்தனி டிராக்குகளையும், 2019 தேதியோடு சேர்த்து அனுப்புங்கள். முடிந்த எம்பி3 யாரிடமும் இருக்கும், பல்லவிக்கு நீங்கள் வாசித்து வேண்டாமென்று விட்ட மூன்று டேக் (பதிவு முயற்சி) உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

#20 ராகமாலிகை77

கணக்கை உங்கள் பேரில் திறக்கும்போது கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன்னால் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று வரலாம். எனக்கு ஒரு இடத்தில் வந்தது. என் கண் சிமிட்டினாலும் அது ஏற்கவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே தீர்ப்பு கொடுத்திருக்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கு. டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, சிமிட்டாமலும் உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்க மாற்று வழி வைக்கச் சொன்னது. நான் புகார் மின்னஞ்சலில் தீர்ப்புத் தேதியைக் குறிப்பிட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது, வாய்மொழியாக முடித்துக்கொடுத்தார்கள். தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சித் தம்பிக்கு: கனடாக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். லாகின் மின்னஞ்சல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். காசு போகும் இடத்தைப் பிறகு மாற்றலாம், மின்னஞ்சல் போனால் எல்லாம் போயிற்று.

#21 வடமராட்சிவயலின்

இண்டைக்குக் காலமை அவரோடை கதைச்சனான். அவரே மாத்தித் தந்திட்டார். "இதை முதலே கேட்டிருக்கலாமே" எண்டார்.

#22 கீபோர்டுகாரன்

பேட்ச் தம்பி, தேடல் பக்கத்துல நாலு பாட்டுக்கு நம்பர் கெடச்சிருச்சு! ஒவ்வொரு எழுத்தா என்விடிஏவ வாசிக்கவிட்டு பிரெய்ல்ல எழுதி வச்சுட்டேன். ஹார்ட் டிஸ்க்குல பழைய ப்ராஜெக்ட்டும் கெடக்கு, விட்ட டேக் எல்லாம் இருக்கு. ஒண்ணுல நான் கெட்ட வார்த்தை சொல்றது கூட இருக்கு, அத அனுப்பலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்.

அஞ்சாவதுதான் கெடைக்கல. நல்லா ஓடுன அதே பாட்டு. அழகர் பாட்டு.

#23 ராகமாலிகை77

தம்பி, ஆங்கிலத்தில்தானே தேடுகிறீர்கள்? அழகரின் ழ-வுக்கு என்ன போட்டீர்கள்?

#24 கீபோர்டுகாரன்

இசட் எச் தான் அக்கா. நான் எப்பவும் அப்படித்தான்.

#25 ராகமாலிகை77

எல் போட்டுப் பாருங்கள். ஏற்றியது நீங்கள் இல்லையே.

#26 கீபோர்டுகாரன்

கெடச்சிருச்சு.